மிஷினில் துடித்தது

22 நவம்பர் 1993, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். கரையான்சாவடி ஸ்டாப்பிங்கில் குடையோடு வெகு நேரம். திருமழிசை பஸ்ஸில் உட்கார ஒருவரும் இடம் தரவில்லை. ஏழு மாத வயிறு கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? எல்லாரும் ஜன்னல் வழியாக மழையை ரசிக்கிறார்களாம். கடைசியில் ஒரு கீரைக்கார அம்மா, "நீ உக்காரும்மா, நான் நின்னுகினு வரேன்" என்றாள். உட்கார்ந்ததும் ஈரக்கூடையைத் தூக்கி என் காலடியில் வைத்து, "கொஞ்சம் பாத்துக்க" என்றாள். அதற்குத்தான் எழுந்திருக்கிறாள்.

பால் இன்றும் தண்ணீர். கேட்டால், "மாடு மழையில நனைஞ்சிது மேடம்" என்கிறார் பால்காரர். இதை நான் நம்ப வேண்டும்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் யூனிட்டில், பிள்ளைத் துடிப்பை எண்ணுகிற மிஷின் டெஸ்ட். என் வயிறுதான், வேறு யார் வயிறு. இருப்பவர்களில் கர்ப்பிணி நான் ஒருத்தி. நெஞ்சில் இரண்டு ஒயர், வயிற்றில் மூன்று. ஜெல்லி சில்லென்று. திரைக்கு இந்தப் பக்கம் நான் பெஞ்சில், அந்தப் பக்கம் கம்ப்யூட்டரோடு சேகர். புரோகிராம் எழுதுவது அவன். போர்டு சாலிடரிங், ஒயரிங் என் பாடு. எண்: 148. எம்.டி. எட்டிப் பார்த்துக் கை தட்டினார். "உள்ள இருக்கறவன் சும்மா ஜம்முனு ஓடறான்." வெள்ளிக்கிழமை பூந்தமல்லி நர்சிங் ஹோமில் ட்ரையல். அங்கே டாக்டரம்மா சரி என்றால் ஆர்டர்.

மத்தியானம் சாப்பாட்டுப் பையை வாட்ச்மேனிடமே விட்டுவிட்டு, திரும்பக் கீழே இறங்கி மேலே ஏறி வந்தேன். மூச்சு வாங்கியது. அதோடேயே அடுத்த டெஸ்ட். 176. சேகர்: "குழந்த குஷியா கீது மேடம்." படி ஏறினது நான். அது ஏன் ஓட வேண்டும்?

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், அந்த மிஷின் என்னதான் செய்கிறது என்று. சொன்னேன். வயிற்றில் ஒயர் வைத்தால் அம்மாவின் இதயம்தான் பெரிதாக வரும். பிள்ளையுடையது அதற்கடியில் எங்கேயோ. அதனால் நெஞ்சில் தனியாக ஒயர் வைத்து அம்மாவுடையதை மட்டும் எடுக்கிறோம். அது வயிறு வரை போய்ச் சேரும்போது எப்படி மாறுகிறது என்று ஃபில்டர் தானாகவே கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டதைக் கழிக்கும். மிச்சம் பிள்ளை. அம்மா புரண்டு படுத்தால் திரும்பக் கற்றுக்கொள்ளும், அந்த நொடியிலேயே. இவர்: "எங்கம்மா பேசறப்போ நீ செய்யறதுதானே இது?" அத்தை காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரி ரசம் ஊற்றினார்.

வாங்க: மண்ணெண்ணெய், சேஃப்டி பின், புளி, அத்தையின் ஜபமாலை கோர்க்க நூல்.

23, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். கால் வீக்கம், செருப்பு ஏறவில்லை, இவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த 176 மனதை விட்டுப் போகவில்லை. இன்று டெஸ்டின்போது திரைக்குப் பின்னால் என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரம் பார்த்து எண்ணினேன். எனக்கு 75. மிஷினில் 150. டீ குடித்த பின் 80. மிஷினில் 160. யாரும் பார்க்காதபோது நாலைந்து தடவை எழுந்து உட்கார்ந்தேன். 88. மிஷினில் மறுபடி 176.

சரியாக இரண்டு மடங்கு. ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம்.

மிஷினில் அம்மாவின் எண் காட்டுவதில்லை. பிள்ளையின் எண் மட்டும், பெரிதாக, பச்சையில். எம்.டி. யோசனை. "ரெண்டு நம்பர் போட்டா டாக்டருங்க கொழம்பிடுவாங்க." நல்ல யோசனை என்றுதான் போன மாதம் நினைத்தேன். இப்போது அதுவும் வேறு மாதிரி படுகிறது.

புரோகிராம் பிளாப்பி எப்போதும் சேகர் சட்டைப்பையில். டீ குடிக்கப் போனாலும் கூடவே போகிறது, பாத்ரூம் போனாலும் கூடவே. கேட்டால், "கம்ப்யூட்டர நம்ப முடியாது மேடம், எப்ப புட்டுக்கும்னு தெரியாது" என்கிறான். கம்ப்யூட்டரை மட்டுமா நம்பவில்லை?

என் சந்தேகம் இது: என் துடிப்பை எடுத்து இரண்டால் பெருக்கித் திரையில் போடுகிறான். ஒரு வரி எழுதினால் போதும். ஆர்டர் வராவிட்டால் முதலில் போகிற வேலை அவனுடையதுதான், போன மாதமே எம்.டி. ஜாடையாகச் சொன்னார். அவனுக்குக் காரணம் இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "இந்த மாசத்துல மனசு கண்டபடி ஓடுமாம், அம்மா சொன்னாங்க." அத்தையிடம் சொன்னேன். "மனசு கண்டபடி ஓடும், ஜெபம் பண்ணு." இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

சாயந்திரம் உள்ளே ஏதோ இடித்தது. உதையா, வாயுவா? மத்தியானம் உருளைக்கிழங்கு.

24, புதன்

மழை. எம்.டி. பார்ட்ஸ் வாங்க அம்பத்தூர் போனார். நல்ல சமயம்.

சாப்பாடு முடிந்ததும் சேகரைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு நீங்க படுங்க."

"இன்னாது?"

"எனக்கு ஜெல்லி ஒத்துக்கல, அரிக்குது." பொய். "ஒயர் வேலை செய்யுதான்னு மட்டும் பாக்கணும்."

"ஆம்பள வயித்துல இன்னா மேடம் தெரியும்?"

"ஒண்ணும் தெரியக்கூடாது. அதான் பாக்கணும்."

சட்டையைக் கழற்ற அவ்வளவு வெட்கம். திரைக்குப் பின்னால் போய் ஒயரை அவனே ஒட்டிக்கொண்டான். நான் கம்ப்யூட்டர் முன்னால். கொஞ்ச நேரம் கோடு குழம்பியது. பிறகு பச்சையில் வந்தது. 152.

திரையை விலக்கித் தலையை நீட்டினான். எண்ணைப் பார்த்தான். "யார்து மேடம் அது?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவனும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "எங்கம்மாகிட்ட இன்னா சொல்லுவேன், அப்பன் பேர் கேப்பாங்களே" என்றான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். முதலில் சிரிப்பை நிறுத்தியது அவன்தான். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தான். "எழுவத்தி ஆறு" என்றான். முகம் வெளுத்துவிட்டது.

நடிக்கிறானா என்று உற்றுப் பார்த்தேன். ஒயரைப் பிடுங்கிப் போட்டான். பிளாப்பியை எடுத்து என் கையில் வைத்தான். "நீங்களே பாருங்க மேடம். சத்தியமா நான் ஒண்ணும் பண்ல."

பார்த்தேன், வரி வரியாக. பெருக்கல் எதுவும் இல்லை. கழித்த பிறகு மிஞ்சுவதை, அலையைக் கோடாகக் காட்டுகிற ஆசிலாஸ்கோப்பில் போட்டோம். அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பெரிய முள், பின்னாலேயே ஒரு சின்ன மேடு. ஃபில்டர் இரண்டையும் முழுசாகக் கழிக்கவில்லை. பெரிய முள்ளில் ஒரு துணுக்கு, மேட்டில் ஒரு துணுக்கு மிஞ்சுகிறது. எண்ணுகிற பகுதி அதை இரண்டு துடிப்பு என்று எண்ணுகிறது. பாத்திரம் கழுவிய பிறகும் ஓரத்தில் நிற்கிற பிசுக்கு, அவ்வளவுதான் அது.

எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு எண் கொடுக்கிறோம். மியூ என்போம். டெமோவில் சட்டென்று படம் வர வேண்டும் என்று எம்.டி. அதை ஏற்றச் சொல்லியிருந்தார். வேகம் கூடக் கூட அவசரக்குடுக்கை. எதையும் முழுசாகக் கழிக்காது.

சேகர்மேல் சந்தேகப்பட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. தினமும் அத்தை கேட்பார், "இன்னிக்கு எவ்ளோ ஓடுச்சு?" நான் சொல்வேன். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். இத்தனை நாளும் அவர் மெழுகுவர்த்தி ஏற்றியது என் துடிப்புக்கு. என் பிள்ளையுடையதை ஒரு நாளும் நாங்கள் பார்க்கவே இல்லை.

25, வியாழன்

மூட்டம். எம்.டி. வந்ததும் இருவரும் போய் நின்றோம். சேகர் பேசமாட்டான் என்று தெரியும். நான்தான் பேசினேன்.

முழுசாகக் கேட்டார். பேப்பர்வெயிட்டை உருட்டினார். "குழந்தை இருக்கிற வயித்துலதானே வைக்கப்போறோம்? ஆம்பள வயித்துல யாரு வைக்கச் சொன்னா?"

"குழந்தை இருந்து, அதுக்கு உயிர் இல்லன்னா சார்? அப்பவும் ஓடும்."

நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "வாயக் கழுவும்மா. வயித்துப் பிள்ளைக்காரி பேசற பேச்சா இது? வெள்ளிக்கிழமை ட்ரையல வெச்சுகிட்டு." கணக்கு வழக்கு பார்க்கிற அக்கா உள்ளே வந்து, என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. நான் கேட்டது கேள்வி. அது அபசகுனமாகிவிட்டது.

மத்தியானம் சேகர் மியூவைக் குறைத்தான். எண் போய்விட்டது. இரண்டு கோடு மட்டும், இப்படி: - -. எப்போதாவது ஏதோ ஒரு எண் வந்து ஓடிவிடும். எம்.டி. பார்த்தார். "என்னய்யா இது, படமே ஓடல? பழைய மாதிரி வை. ட்ரையல் முடியட்டும், அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாம். டாக்டர் எப்படியும் அவங்க காதால கேக்கத்தானே போறாங்க."

சேகர் "சரி சார்" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

பால்: பரவாயில்லை. அதுவே சந்தேகமாக இருக்கிறது.

26, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

வேனில் மிஷின், சேகர், எம்.டி., நான். என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்றால், அங்கே யாரும் சம்மதிக்காவிட்டால் என் வயிறு கைவசம் இருக்கட்டும் என்று. டாக்டரம்மா ஐம்பது வயது, கண்டிப்பான முகம். வெளியே பெஞ்ச் நிறையப் பெண்கள். கரண்ட் இல்லை, வராண்டாவிலேயே ஜெனரேட்டர் தடதடவென்று.

முதல் இரண்டு பேருக்கு வைத்தோம். 150, 164. டாக்டர் தலையாட்டினார். மூன்றாவது ஒரு பெண், பெயர் செல்வி. திருமழிசை. தலைப்பிரசவம், எட்டு மாதம். கூடப் புருஷன் குமார், எங்கள் எஸ்டேட்டிலேயே வார்ப்பட யூனிட்டில் வேலையாம். செல்வி டாக்டரிடம் சொன்னது: "நேத்துலேந்து ஆட மாட்டேங்குதும்மா."

டாக்டர் குழலை வைத்துக் குனிந்து கேட்டார். இடம் மாற்றி வைத்தார். ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். ஆள் இல்லை, டீசல் வாங்கப் போயிருக்கிறான். நிமிர்ந்து, "இதான் இருக்கே, வைங்க" என்றார்.

ஒயர் வைத்தது நான்தான். பச்சையில் 152.

செல்வி எண்ணைப் பார்த்ததும் அப்படி ஒரு மூச்சு விட்டாள். குமார் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினான். எம்.டி. "நல்லா ஓடுது பாருங்க" என்றார். நான் செல்வியின் மணிக்கட்டைப் பிடித்தேன், சமாதானம் சொல்கிற மாதிரி. டாக்டர் மேஜைக் கடிகாரம் எதிரிலேயே. 76.

எம்.டி. என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லா, நீ வெளிய போய் உக்காரும்மா, களைப்பா இருக்கே."

போகவில்லை. டாக்டரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னேன். இந்த எண்ணை நம்பாதீர்கள், இது தாயின் துடிப்பு, இரண்டு மடங்காக வருகிறது. செல்விக்குப் புரியக் கூடாது, பயந்துவிடுவாள், அதனால்தான் இங்கிலீஷ். டாக்டரும் இங்கிலீஷிலேயே இரண்டு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். எம்.டி. ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். செல்வி எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ அவள் பிள்ளையைப் புகழ்கிறோம் என்று நினைத்திருப்பாள்.

டாக்டர் நல்லவர், உடனே சிட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். தமிழில் அவர்களிடம் சொன்னது: "எல்லாம் நல்லா இருக்கு. எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம், இப்பவே போயிடுங்க." குமார் கைகூப்பினான். எனக்கும் சேர்த்து. ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

வேனிலேயே திருமழிசை திரும்பினோம். இறங்கும்போது எம்.டி., "உன் வீட்டுக்காரர் சம்பளம் உங்களுக்குப் போதும் இல்ல?" என்றார்.

27, சனி

மழை கொட்டுகிறது. லீவு போட்டேன். சாயந்திரம் சேகர் வீட்டுக்கே வந்தான், தலையெல்லாம் நனைந்து. உட்காரவில்லை, வாசலிலேயே நின்று சொன்னான். செல்வியின் பிள்ளை போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்ததும் சொல்லிவிட்டார்களாம், உயிர் போய் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது என்று. ஊசி போட்டு எடுத்திருக்கிறார்கள். ஆண் பிள்ளை.

வியாழக்கிழமையே போயிருக்கிறது. நாங்கள் 152 பார்த்தது வெள்ளிக்கிழமை.

சேகர்: "அவுங்க ஊட்டாளுங்க அங்க பெரிய கலாட்டாவாம் மேடம். பூந்தமல்லில நல்லா ஓடிக்கினு இருந்துச்சு, இங்க வந்துதான் கொன்னுட்டாங்கன்னு."

அத்தை பின்னாலிருந்து கேட்டுவிட்டார். சேகர் போனதும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு உள்ளே போனார்.

28, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. முன் வரிசைப் பெண் என் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என்ன கேட்கப்போகிறாள் என்று தெரியும், வயிற்றின் வடிவத்தை வைத்து ஆணா பெண்ணா என்று. பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் எம்.டி. டிரைவர் ஒரு பை ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "மேடம் உடம்பப் பாத்துக்கணுமாம்." வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்ததில்லை. இவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். நான் தொடவில்லை. மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

29, திங்கள்

வெயில். எம்.டி. முகத்தில் புதுக் களை. காரணம் கொஞ்ச நேரத்தில் புரிந்தது. குற்றம் ஆஸ்பத்திரிமேல் போய்விட்டது, மிஷின் தப்பித்துவிட்டது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "யார் கேட்டாலும் நம்பர் பாத்தோம்னு மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானே? பொய் சொல்லச் சொல்லலியே நான்" என்றார்.

பதினோரு மணிக்கு குமார் வந்தான், கூட இரண்டு பேர். வாட்ச்மேனிடம் பேசியது மாடி ஜன்னலில் கேட்டது. சண்டைக்கு வரவில்லை. குரலே எழும்பவில்லை. "அந்த மேடத்த ஒரே ஒரு வாட்டி பாக்கணும்ணா. அவுங்கதான் ஒயரு வெச்சாங்க. ஓடுச்சுன்னு வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். நாங்க ஏழப்பட்டவுங்க சொன்னா எவன் கேக்கறான்?"

வாட்ச்மேன்: "மேடம் லீவு."

நான் ஜன்னலுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றேன். பூனை மாதிரி. எனக்கே என்னைப் பார்க்கக் கேவலமாக இருந்தது. அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

30, செவ்வாய்

சேகர் யாரையும் கேட்காமல் மியூவைக் குறைத்து, நெஞ்சில் இன்னொரு ஒயர் சேர்த்து, துணுக்கு மிஞ்சாதபடி செய்துவிட்டான். அவன் வயிற்றில் வைத்தோம். கோடு மட்டும். நல்லது. என் வயிற்றில் வைத்தோம். கோடு மட்டும்.

இந்த மாதங்களில் பிள்ளையின் மேல் மாவு மாதிரி ஒன்று படிந்திருக்கும், துடிப்பு வெளியே வருவது கஷ்டம் என்று புத்தகத்தில் நானே படித்தது. தெரிந்தும், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெகு நேரம் கழித்து ஒரு உதை. இந்தத் தடவை வாயு இல்லை. சத்தமாகவே, "இருக்கு சேகர்" என்றேன். "தெரியும் மேடம்" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும்.

டீ சமயத்தில் சொன்னான், ஆஸ்பத்திரியில் அன்று டியூட்டியில் இருந்த நர்ஸை யாரோ அடித்துவிட்டார்களாம். சின்னப் பெண்ணாம். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அவள்தான் ஏதோ ஊசி மாற்றிப் போட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு.

அவள் பேர் எனக்குத் தெரியாது. அவள் ஒன்றும் செய்யவில்லை என்பது தெரியும். தெரிந்தவர்கள் நாலு பேர். டாக்டர் வாயைத் திறக்கவில்லை, அவர் நர்சிங் ஹோம் இருக்கிறது. எம்.டி. திறக்கமாட்டார். சேகருக்கு அம்மாவும் இரண்டு தங்கைகளும்.

செல்வியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். திருமழிசையில் அவள் அம்மா வீடு.

1 டிசம்பர், புதன்

எம்.டி.யிடம் போய் நாளைக்குச் செல்வி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். ஒளித்துச் செய்ய இஷ்டமில்லை. "போனா அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்றார். சரி என்றேன்.

வீட்டில்தான் பேச்சு. இவர்: "வயித்துல புள்ளய வெச்சுகிட்டு அந்த வீட்டுக்கா போவே? கேக்கறவங்க காறித் துப்புவாங்க. அந்தப் பொண்ணு வயிறெரிஞ்சு ஒரு பார்வை பாத்தா என்ன ஆகும்?" எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

2, வியாழன்

தூறல். வாசலில் அத்தை குறுக்கே நின்றார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். நெற்றியில் தீர்த்தம் தொட்டு வைத்து, குடையைக் கையில் கொடுத்தார். இதுவும் என்ன கணக்கோ என்று ஒரு நிமிஷம் நின்றேன். கணக்கு ஒன்றும் இல்லை. சில சமயம் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

செல்வி வீடு கோயில் தெரு தாண்டி, ஓட்டு வீடு. வாசலில் அவள் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தாள். "இன்னாத்துக்கு வந்த? உன் புள்ளயக் காட்டவா?"

உள்ளேயிருந்து குரல். "உள்ள உடும்மா. மிஷின்கார அக்கா அது."

பாயில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிக்கொண்டதற்காக மார்பைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். குமார் அவசரமாக ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டான். "உக்காருங்க மேடம். லீவுன்னாங்க. நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். ஓடுச்சு இல்ல மேடம்? நூத்தி அம்பத்தி ரெண்டு. நானே பாத்தேன் கண்ணால."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது.

"ஓடினது குழந்தையோடது இல்ல, குமார். செல்வியோடது. அந்த மிஷின் அம்மா துடிப்பையே ரெண்டு ரெண்டா எண்ணிடுது. ஆம்பள வயித்துல வெச்சாலும் ஓடும். வெச்சுப் பாத்தோம்."

"எப்போ பாத்தீங்க?"

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"தெரிஞ்சேவா எம் பொண்டாட்டிக்கு வெச்சீங்க?"

"தெரிஞ்சேதான். டாக்டர்கிட்ட அங்கயே சொன்னேன். இங்கிலீஷ்ல சொன்னேன்."

"எங்களுக்கு ஏன் சொல்லல?"

பயந்துவிடுவீர்கள் என்று, என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான பதில் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் எதுவும் செய்யவில்லை, குழந்தை முந்தின நாளே போய்விட்டது, எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். வாசற்படியில் போய் உட்கார்ந்தான். இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டான். "அந்த நர்சம்மாவ நான்தான் அடிச்சேன்" என்றான். அவன் மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

செல்வி மட்டும் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை.

"எனக்கு வியாழக்கிழமையே தெரியும்க்கா. உள்ள கல்லு மாதிரி ஆயிட்ச்சு. திரும்பிப் படுத்தா அது பாட்டுக்குச் சரியுது. எனக்குத் தெரிஞ்சு போச்சு. அழுதுகினேதான் வந்தேன் அங்க. அப்புறம் உங்க மிஷின்ல ஓடுச்சா. சே, நாம எவ்ளோ பெரிய பைத்தியம், நல்லா கீற புள்ளயப் போயி தப்பா நெனச்சிட்டமேன்னு எம்மேலயே கோவம். அதுகிட்ட மன்னிப்புல்லாம் கேட்டேன்க்கா. ஆட்டோவுல பேரு இன்னா வெக்கலாம்னு பேசிகினே போனோம்."

அந்த நேரம் பார்த்து என் பிள்ளை உதைத்தது, நன்றாக, புடவைக்கு மேலேயே தெரிகிற மாதிரி. செல்வி பார்ப்பதற்குள் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.